யாரும் உட்காராத பூ

நூலகத்தின் சிறுவர் அறை நடுவே ஒரு பெரிய பூ மலர்ந்திருந்தது. பிறை, அலை, முக்கோணம் என விதவிதமாக வெட்டிய ஃபோம் இருக்கைகளை ஒன்றோடொன்று பொருத்தி, அதைக் கடுகின் அம்மா உருவாக்கியிருந்தார். வெட்டியதும் அவர்தான், உறை தைத்ததும் அவர்தான்.

கடுகு என்பது வீட்டில் வைத்த பட்டப்பெயர். ஆள் சிறியவள், பேச்சில் காரம் அதிகம்.

பூ அழகாகத்தான் இருந்தது. ஆனால் வைத்த நாளிலிருந்து ஒருவரும் அதில் உட்காரவில்லை. பிள்ளைகள் வந்தார்கள், சுற்றி நின்று பார்த்தார்கள், பிறகு சுவரோரம் வெறுந்தரையில் அமர்ந்து படித்தார்கள்.

"இன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும் பார்ப்போம்மா," என்றார் நூலகர். "பிள்ளைங்களுக்குப் பிடிக்கலைன்னா திரும்ப எடுத்துட்டுப் போயிடுங்க. பழைய பெஞ்சையே போட்டுக்கறோம்."

"சரிங்க சார்." அம்மா குனிந்து, சற்றே விலகியிருந்த ஓர் இதழை நேராக்கினார். "நான் போய் மூட்டை கட்டக் கயிறு எடுத்துட்டு வரேன். நீ இங்கேயே இருடி."

அம்மாவின் குரல் கம்மியிருந்தது. கடுகு அறையைச் சுற்றிப் பார்த்தாள்.

சுவரோரம் கண்ணாடி போட்ட பையன் ஒருவன் படித்துக்கொண்டிருந்தான்.

"தரை சில்லுன்னு இல்ல?" என்று கேட்டாள் கடுகு.

"சில்லுன்னுதான் இருக்கு."

"அப்புறம் ஏன் அதுல உட்காரல? முள்ளா குத்துது?"

"ஐயோ! யாரோ பார்த்துப் பார்த்து அடுக்கியிருக்காங்க. நான் உட்கார்ந்து கலைஞ்சிட்டா?"

கடுகு யோசித்தாள். பிறர் வீட்டில் சுருக்கமே இல்லாத படுக்கை விரிப்பைக் கண்டால், அவளும் ஓரமாக நின்றுகொண்டுதான் இருப்பாள். அப்படியானால், பூ யாருக்கும் பிடிக்காமல் இல்லை. கலைத்துவிடுவோமோ என்ற பயம்தான்!

அவள் ஓர் இதழில் கை வைத்தாள். உடனே எடுத்துக்கொண்டாள். பூவை வைத்த அன்று காலை முழுதும் அம்மா இதை முழங்காலிட்டு அடுக்கியதை அவள் பார்த்திருந்தாள்.

மறுபடி கை வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு இழுத்தாள்.

சர்ர்ர்!

அறையே திரும்பிப் பார்த்தது. அவள் இரண்டு துண்டுகளைச் சேர்த்து வைத்து, அப்படியே நிறுத்திக்கொண்டாள்.

"என்ன அது?" என்றான் கண்ணாடிப் பையன்.

"தெரியல. பாதிதான் ஆயிருக்கு."

அவன் தலையைச் சாய்த்துப் பார்த்தான். "கப்பலோட மூக்கு மாதிரி இருக்கே!"

அவ்வளவுதான். ஒருத்தி அலையைத் தூக்கி வந்தாள். இன்னொருவன் மேல்தளம் அமைத்தான். ஒரு சிறுமி மட்டும் பிறையை ஜன்னலோரம் இழுத்துப் போனாள்.

"நான் விளையாட வரல. படிக்கணும்."

"படி, படி. அது தீவு!" என்றாள் கடுகு.

நூலகர் ஓடிவந்தார். "என்ன இது, சந்தைக்கடையா?"

"சார், கடல்ல நிக்கறீங்க! முதலை இருக்கு!" என்று கத்தினாள் கடுகு.

நூலகர் கீழே பார்த்தார். பக்கத்தில் கிடந்த முக்கோணத்தில் சட்டென்று அமர்ந்து, கால்களை மேலே தூக்கிக்கொண்டார்.

தோளில் கயிற்றோடு வந்த அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"நான்தாம்மா கலைச்சேன்," என்றாள் கடுகு மெதுவாக.

"முதுகு ஒடிய அடுக்கினேனேடி..." என்று தொடங்கிய அம்மாவின் கண்கள் கப்பல் மீது நின்றன. அதில் ஒரு வாண்டு குப்புறப் படுத்துப் படித்துக்கொண்டிருந்தது.

"ஆன்ட்டி, அந்தக் கயிறு எதுக்கு?" என்றான் கண்ணாடிப் பையன்.

அம்மா நூலகரைப் பார்த்தார். தூக்கிய கால்களை இறக்காமலே அவர் சிரித்தார். "கேக்கறான்ல, சொல்லுங்கம்மா. இனிமே மூட்டை கட்ட வேண்டியதில்ல."

"இதுவா?" அம்மா கயிற்றின் ஒரு முனையைக் கப்பலை நோக்கி வீசினார். "நங்கூரம் கட்டறதுக்குத்தான்!"