சூடு ஆறாத கார்டு

அந்த வீட்டின் அழைப்பு மணி வேலை செய்யவில்லை. மேதை உதட்டைப் பிதுக்கினான். வாசல் மணியைக்கூட ஒழுங்காக வைத்துக்கொள்ளத் தெரியாத ஆளிடம்தான் இத்தனை பெரிய கிராபிக்ஸ் கார்டு போய் மாட்டிக்கொண்டிருக்கிறது!

மேதை என்பது மனைவியின் அக்கா அவனுக்கு வைத்த பெயர். அவள் கிண்டலுக்கு வைத்தாள். அவன் அதைப் பட்டமாக ஏற்றுக்கொண்டான். ஓர் அலுவலகத்தில் பிரிண்டர்களுக்கு மை நிரப்புவதும், கடவுச்சொல்லை மறந்தவர்களைத் திட்டிவிட்டு மீட்டுக் கொடுப்பதும் அவன் உத்தியோகம். கம்ப்யூட்டர் சம்பந்தமாக உலகத்தில் யார் எதைச் சொன்னாலும் அவனுக்குச் சிரிப்பு வரும். மனைவி சொன்னால் சற்று உரக்கவே வரும்.

அவள் வீட்டிலிருந்தபடி படம் வரைபவள். இன்னும் கட்டி முடிக்காத வீடுகளின் உள் அறைகளை, சோபா, திரைச்சீலை, ஜன்னல் வெயில் உட்பட, கம்ப்யூட்டரில் உருவாக்கிக் கொடுப்பாள். வரவேற்பாளர் வேலையை விட்டுவிட்டு ராப்பகலாகக் கற்றுக்கொண்ட வித்தை அது. இப்போதுதான் ஒரு கட்டடக்காரர் வாய்ப்புக் கொடுத்திருந்தார். ஒரே ஒரு கூடத்தின் படம். திங்கட்கிழமைக்குள் வந்து, அது பிடித்துவிட்டால், மொத்தக் குடியிருப்பின் படங்களும் அவளுக்குத்தான். ஆனால் வீட்டிலிருந்த பழைய கார்டு அந்தப் படத்தின் கனத்தைத் தாங்காமல் பாதியிலேயே திரையை இருட்டாக்கிவிட்டது.

எந்தக் கார்டு வாங்குவது என்று அவள் ஆராய்ந்து வைத்திருந்தாள். எவ்வளவு நினைவகம் வேண்டும், வீட்டுக் கம்ப்யூட்டர் பெட்டியின் பவர் சப்ளை எதைத் தாங்கும் என்றெல்லாம் படித்திருந்தாள். மேசைக்கு அடியில் படுத்து, டேப்பால் பெட்டிக்குள் எவ்வளவு இடம் இருக்கிறது என்றுகூட அளந்திருந்தாள்.

"டேப் வெச்சு அளந்தியா? ஜாக்கெட்டா தைக்கப்போற?" என்று மேதை விழுந்து விழுந்து சிரித்தான். "உனக்கு எதுக்கு இதெல்லாம்? சும்மா உட்காரு. நான் பார்த்துக்கறேன்."

அப்படிப் பார்த்துக்கொண்டதன் விளைவுதான் பழைய கார்டு விற்கிற இந்த வீடும், இந்தச் செத்த மணியும்.

கதவைத் திறந்தவர் ஓய்வுபெற்ற அதிகாரி. மடிப்புக் கலையாத சட்டை. முகத்தில், எதிரே நிற்பவர் ஏதோ தப்புச் செய்துவிட்டதைப் போன்ற ஒரு சலிப்பு. மேதைக்கு அவரைப் பார்த்ததும் பிடித்துப்போயிற்று.

வீட்டுக்குள் வெளிச்சம் குறைவு. மூடியே கிடந்த துணி அலமாரியின் வாடை எங்கும் நிரம்பியிருந்தது. கோடியிலிருந்த ஓர் அறைக்கு அவர் கூட்டிப் போனார். கதவில் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது.

"உங்க பொருளா சார் இது?"

"என் வீட்டுக்காரியோடது. படம் போடறாளாம், படம். நாள் பூரா இதுக்கு முன்னாடியேதான்."

"என் வீட்டுலயும் அதே கதைதான் சார்."

இருவரும் சிரித்தார்கள். ஒரே ஊர்க்காரர்கள் வெளியூரில் சந்தித்துக்கொண்டதைப் போன்ற சிரிப்பு.

"தாழ்ப்பாள் ஏன் வெளியில இருக்கு?" என்று மேதை பேச்சுக்குக் கேட்டு வைத்தான்.

"நான் வெளிய போறப்போ போட்டுட்டுப் போவேன். இல்லேன்னா போறவங்க வர்றவங்ககிட்ட எல்லாம் பேசிக்கிட்டு நிப்பா. ஒருநாள் திரும்பி வந்து பார்த்தா, மேசையிலயே தலையைச் சாய்ச்சிருந்தா. தூங்கறான்னு நினைச்சேன்." அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அதுக்கப்புறம் யாரும் இதை ஆன் பண்ணலை. ஓட்டிப் பார்த்துக்கறீங்களா?"

பழைய கார்டு வாங்குகிற எவரும் செய்கிற முதல் காரியம் அதுதான். ஆனால் மேதை கௌரவம் பார்த்தான். ஓட்டிப் பார்த்து வாங்குவதெல்லாம் ஒன்றும் தெரியாதவர்கள் செய்வது.

"பார்த்தாலே தெரியும் சார்."

பெட்டியைத் திறந்து, திருகைக் கழற்றி, கார்டை உருவினான். உடனே கையை உதறினான்.

கார்டு சுட்டது.

மின்சார ஒயர் சுவரில் செருகப்படாமல் தரையில் சுருண்டு கிடந்தது. மேதை அதைப் பார்த்தான். ஜன்னலையும் பார்த்தான். வெயில் பட்டிருக்கும் என்று தனக்குத் தானே தீர்ப்பு வழங்கிவிட்டு, கார்டைத் துண்டில் சுற்றிக்கொண்டான். அந்த ஜன்னல் சாத்தியிருந்தது.

வீட்டில், கார்டு பெட்டிக்குள் நுழையவில்லை. விரற்கடை நீளம் கூடுதல்.

மனைவி அதைப் பார்த்தாள். மேசைமேல் கிடந்த டேப்பை எடுத்து இழுப்பறைக்குள் வைத்தாள். அவ்வளவுதான். அதுவே மேதைக்குச் சுரீரென்றது. பெட்டிக்குள் இருந்த தகட்டை வளைத்து, கார்டைத் திணித்து, பக்கக் கதவை மூட முடியாமல் அப்படியே திறந்து போட்டான்.

"காத்தோட்டம்! இதெல்லாம் உனக்கெங்க தெரியப்போகுது?"

"யாரு வெச்சிருந்ததுங்க?"

"ஒரு பொம்பளை. உன்னை மாதிரிதான், படம் போடற பைத்தியம். புருஷன் வெளிய போறப்போ உள்ள வெச்சுத் தாழ்ப்பாள் போடுவாராம். அப்படியே போய்ச் சேர்ந்துட்டா."

அவள் கை நின்றது. "ஐயோ பாவம். என்ன படம் போட்டாங்களாம்?"

"நான் எதுக்குக் கேட்கணும்?"

அவள் கூடத்தின் படத்தைத் திறந்து ஓடவிட்டாள். இந்த மாதிரிப் படங்கள் எடுத்த எடுப்பிலேயே தெளிவாக வராது. முதலில் திரை முழுக்க மணலை வாரி இறைத்தாற்போல் புள்ளிகள் துடிக்கும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கி, சுவர் சுவராகும், ஜன்னல் ஜன்னலாகும்.

அந்த மணலுக்குள் யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

"என்னங்க... இங்க பாருங்க. முதுகைக் காட்டிக்கிட்டு ஒரு அம்மா."

"புள்ளிங்கள்ல யானைகூடத் தெரியும். வேலையைப் பாரு."

புள்ளிகள் அடங்கின. அந்த உருவம் கரைந்தது. ஆனால் கூடத்துக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவே, அவள் திறந்தபடி விட்டிருந்த வளைவில், ஒரு கதவு நின்றது. மங்கிய பச்சைக் கதவு. தாழ்ப்பாள் இந்தப் பக்கம்.

"நான் கதவே போடலையே! திறந்தபடி இருக்கணும்னு கட்டடக்காரர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. இப்படிக் குடுத்தா வேலையே போயிடும்." அவள் படத்தில் இருக்கும் பொருள்களின் பட்டியலில் தேடினாள். கதவென்று எதுவும் அதில் இல்லை. மறுபடி ஓட்டினாள். மறுபடியும் கதவு.

"எதையோ அமுக்கித் தொலைச்சிருப்ப. எழுந்திரு. நீ கடைக்குப் போயிட்டு வா. வர்றதுக்குள்ள முடிச்சு வெக்கறேன்."

அவள் போனாள். மேதை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்தான். நாற்காலி வெதுவெதுப்பாக இருந்தது. அவள் இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாள் அல்லவா, அதனால்தான்.

வெளியே வானம் மூட்டமாக இருந்தது. பகல் வெளிச்சம் அழுக்குத் தண்ணீரைப் போல ஜன்னல் ஓரத்தில் தேங்கி நின்றது. திறந்த பெட்டிக்குள் கார்டின் விசிறி சுழன்றது. முதலில் சாதாரண இரைச்சல்தான். போகப்போக அதற்குள் இன்னொரு சத்தம் கேட்டது. மரத்தில் நகம் உரசுகிற சத்தம்.

"மலிவான விசிறி," என்றான் மேதை, யாருமில்லாத அறையில்.

புள்ளிகள் துடித்தன. வளைவுக்கு அப்பால் முதுகைக் காட்டிய உருவம் தெரிந்தது. இந்த முறை அது கரையவில்லை. எழுந்து நின்றது. படத்தில் இருப்பது அசையாது என்று அவனுக்குத் தெரியும். அது ஒற்றைப் படம், சினிமா இல்லை. அது நடந்து அந்தப் பச்சைக் கதவைத் தாண்டி, இந்தப் பக்கம் வந்தது. திரும்பி, நிதானமாகத் தாழ்ப்பாளைப் போட்டது.

அவன் முதுகுக்குப் பின்னால் 'சடக்'கென்றது.

அவன் அறைக் கதவில் வெளித்தாழ்ப்பாளே கிடையாது.

கைப்பிடியைத் திருகினான். இழுத்தான். காலால் சுவரை உதைத்துக்கொண்டு இழுத்தான்.

விசிறி நின்றது.

சூடேறிய பிளாஸ்டிக் நாற்றம் எழுந்தது. அதனோடு, மூடியே கிடந்த துணி அலமாரியின் வாடை. ஜன்னல்கள் அவனே திறந்து வைத்தவை, இப்போது சாத்தியிருந்தன. மூச்சு முட்டியது.

"யாராவது இருக்கீங்களா? கதவைத் திறங்க!"

காதருகே சூடான காற்றுப் பட்டது.

"கத்தாத. தெருவுல போறவங்களுக்குக் கேக்கும்."

கிசுகிசுப்பான பெண் குரல். அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால்கூடத் தேவலாம். ஒரு கரப்பான் பூச்சியிடம் பேசுகிற குரல்.

"உனக்கு எதுக்கு இதெல்லாம்? சும்மா உட்காரு."

மேதை உட்கார்ந்தான்.

மனைவி வந்து கதவைத் தள்ளியதும் அது சாதாரணமாகத் திறந்தது. அவள் கணவன் நாற்காலியில் நிமிர்ந்து, கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, கண்டிப்பான ஆசிரியர் முன் பிள்ளையைப் போல உட்கார்ந்திருந்தான். வியர்வையில் நனைந்த சட்டையைப் பிழிந்து எடுக்கலாம். கதவின் உள்பக்கம் நெடுகப் புதிய கீறல்கள். அவன் விரல் நகங்களில் வண்ணச் செதில்கள்.

"என்னங்க ஆச்சு?"

"உட்காரச் சொன்னாங்க."

"யாரு?"

அவன் பெட்டியைக் கைகாட்டினான்.

பிறகு உளறிக் கொட்டினான். தாழ்ப்பாள், குரல், வாடை எல்லாவற்றையும் சொன்னான். அவள் முழுவதையும் கேட்டாள். பயப்படுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் அவனைப் பார்த்த பார்வையில் பயம் இல்லை.

"பேய் இருக்கட்டும்," என்றாள். "ஓட்டிப் பார்த்தீங்களா, வாங்கறதுக்கு முன்னாடி?"

"இல்லை," என்றான் மேதை.

"ஒரு மனுஷியை உள்ள வெச்சுப் பூட்டினேன்னு ஒருத்தர் சொல்றாரு. அதைக் கேட்டுச் சிரிச்சிட்டு, சாமானைத் தூக்கிட்டு வந்திருக்கீங்க. அதுவும் பெட்டிக்குள்ள நுழையாத சாமானை."

அன்று மாலையே கார்டைத் துண்டில் சுற்றி, அந்த வீட்டு வாசலில் வைத்துவிட்டு, மேதை திரும்பிப் பார்க்காமல் ஓடி வந்தான். மறுநாள் காலை அவள் தனியாகக் கடைக்குப் போனாள். தான் முதலில் தேர்ந்தெடுத்து வைத்திருந்த அதே கார்டை, கடைக்காரரை ஓட்டிக் காட்டச் சொல்லிவிட்டு வாங்கி வந்தாள். தானே மாட்டினாள். அளவு கச்சிதம். பெட்டியின் பக்கக் கதவு அழகாக மூடிக்கொண்டது.

கூடம் திறந்த வளைவோடு, வெயிலோடு, பளிச்சென்று வந்தது. கட்டடக்காரர் போனிலேயே வேலையை உறுதி செய்தார். "அந்த ஜன்னல் வெளிச்சம் இருக்கே, பிரமாதம்மா. அனுபவப்பட்ட கை," என்றார். அந்த வெளிச்சத்தைத் தான் அப்படி வைத்ததாக அவளுக்கு நினைவில்லை.

அதற்குப் பிறகு மேதை யாருக்கும் யோசனை சொல்வதில்லை. அலுவலகத்தில் கடவுச்சொல்லை மறந்தவர்களிடம்கூடத் தன்மையாகப் பேசுகிறான். மனைவியின் அக்காதான், "என்ன மேதை, பேட்டரி இறங்கிடுச்சா?" என்று அவனைச் சீண்டிப் பார்த்துவிட்டு ஏமாந்துபோனாள்.

ஒரு மதியம், மனைவி அறைக்குள் வேலையாக இருந்தாள். கதவு சாத்தியிருந்தது. அவளுக்குப் பிடித்தாற்போல இஞ்சி தட்டிப் போட்டு டீ வைத்து, கோப்பையைத் துடைத்து எடுத்துக்கொண்டு வந்தான். இப்போதெல்லாம் அவன் தட்டாமல் உள்ளே போவதில்லை.

உள்ளே அவள் சிரிப்புக் கேட்டது. "அப்படியா? ஜன்னலைக் கொஞ்சம் இடது பக்கம் தள்ளிடவா?" என்று யாரிடமோ கேட்டாள். போனில் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டான். சார்ஜ் ஏறி முடிந்த அவள் போன் தன் சட்டைப்பையிலேயே கிடப்பது நினைவுக்கு வந்தபோது, விரல் ஏற்கெனவே கதவைத் தட்டிவிட்டிருந்தது.

சிரிப்பு நின்றது.

ஒரு நாற்காலி பின்னால் நகர்ந்தது. பிறகு இன்னொன்று.

அந்த அறையில் ஒரே ஒரு நாற்காலிதான் உண்டு.

"யாரு," என்றது அந்தக் கிசுகிசுப்பான குரல், சலிப்போடு. "அவனா?"