மோரிஸ் காரின் இடப்பக்கக் கண்ணாடி

ரஞ்சிதம் செருப்பைக்கூடக் கழற்றாமல் அரங்கநாதன் வீட்டுக் கூடத்துக்குள் வந்துவிட்டாள். அங்கிருந்த எதிர்வீட்டுக் கோவிந்தராஜ் நாற்காலியை விட்டு எழுந்து, உட்கார்ந்து, மறுபடி எழுந்தார். டைப் இன்ஸ்டிட்யூட் நடத்தும் அந்த மனிதருக்கு, தெருவில் ஒரு பூனை காணாமல் போனாலும் அன்றைக்குச் சோறு இறங்காது.

"ஐயா, எங்க வூட்டுக்காரர ஜவுளிக்கடை குடோன்ல உட்கார வெச்சிருக்காங்க. பொழுது சாயறதுக்குள்ள நகைப்பெட்டி வரலேன்னா போலீசாம். காலையில கடைவாசல்ல நிக்க வெச்சு, பஜாரே பார்க்கத் திருடன்னாரு முதலாளி. எம் புள்ளைங்களும் அங்கதான் நின்னுட்டு இருந்துதுங்க."

"முதல்ல உட்காரும்மா," என்றார் அரங்கநாதன். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக அடிபட்ட வண்டிகளைப் பார்வையிட்டே தலை நரைத்தவர் அவர். ஓய்வு பெற்றபின் செஞ்சியில் எது தொலைந்தாலும் அவர் வாசலுக்குத்தான் ஆள் வந்தது.

விஷயம் இதுதான். ரஞ்சிதத்தின் புருஷன் செல்லப்பன், ஜவுளிக்கடை தேவநாதனின் டிரைவர். தேவநாதன் மகள் ஜெயத்துக்கு மூன்று நாளில் கல்யாணம், மெட்ராஸ் மாப்பிள்ளை. மெருகு போட்ட நகைகளை நேற்றுத் திண்டிவனத்தில் வாங்கிக்கொண்டு, தாலியைப் பெருமாள் பாதத்தில் வைத்து எடுக்கச் சிங்கவரம் மலைக்குப் போனார்கள். தாலி மட்டும் கையில். காரை ஆளில்லாத புளியந்தோப்பில் நிறுத்தி, பெட்டியை உள்ளே வைத்துப் பூட்டினார்கள். பூஜைக் கூடையைத் தூக்கிக்கொண்டு செல்லப்பனும் ஏறினான். நடுவில் தேங்காய் மறந்துபோய், கீழே கடைக்கு ஒருதரம் இறங்கி வந்தான். எல்லாரும் இறங்கியபோது கார் பூட்டினபடியே இருக்கிறது, பெட்டியைக் காணோம். சாவி ஒன்றே ஒன்று, அது செல்லப்பன் இடுப்பில். வேறு யாரைச் சொல்வார்கள்?

"மலையேறாம கீழ யார் இருந்தா?"

"முதலாளியம்மா தம்பி விநாயகம், வல்லத்துல எண்ணெய் மில் வெச்சிருக்காரே, அவரு. முட்டி வலின்னு டீக்கடையில உட்கார்ந்துட்டாராம். பெட்டி வண்டியிலயே இருக்கட்டும், பூட்டிட்டா போச்சுன்னு சொன்னதும் அவருதானாம்."

"டூப்ளிகேட் சாவி சார்," என்றார் கோவிந்தராஜ். "சந்தேகமே இல்ல." அவருக்கு எதிலும் சந்தேகம் இருந்ததில்லை, பாவம்.

மூவரும் போனபோது, ஜவுளிக்கடைக்குப் பின்னால் தேவநாதனின் அந்தப் பழைய மோரிஸ் கார் நின்றது. முன்கண்ணாடி நடுவில் கம்பி வைத்து இரண்டாகப் பிரிந்த ரகம். போன மாதம் மணிலாக்கொட்டை லாரி ஒன்று கிளப்பிவிட்ட கல் பட்டு இடப்பக்கக் கண்ணாடி விரிசல் விட்டதால், திண்டிவனத்தில் புதுக் கண்ணாடியும் அதைச் சுற்றிப் புது ரப்பரும் போட்டிருந்தார்கள். கோவிந்தராஜ் கதவுப் பூட்டுகளில் கண்ணை ஒட்டவைத்துத் தேடினார். ஒரு கீறல் கிடைக்கவில்லை. அரங்கநாதன் அந்தப் பக்கமே போகாமல் புதுக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். ரப்பர் விளிம்பில் எறும்பு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது. விரலால் தடவி முகர்ந்துவிட்டு, கோவிந்தராஜின் மூக்கருகே நீட்டினார்.

"கடலை எண்ணெய்," என்றார் கோவிந்தராஜ். "செஞ்சியில எதுல சார் கடலை எண்ணெய் இல்ல?"

"இதுல இருக்கக் கூடாது."

பிறகு தேவநாதனின் மனைவி நீலாவதியை அழைத்தார். "இந்தப் பொட்டு யாரும்மா வெச்சது?"

"நான்தாங்க. கண்ணாடி மாத்திட்டு வந்தன்னிக்கு வெச்சேன். புதுசாப் போட்டது ஒட்டி நிக்கணும்னு, கண்ணாடியும் ரப்பரும் சேர்ற இடத்துல வட்டமா சந்தனம் வெச்சுக் குங்குமம் இட்டேன். தொடைக்கக் கூடாதுன்னு செல்லப்பங்கிட்டயும் சொல்லிட்டேன்." குனிந்து பார்த்தவள் நிமிரவில்லை. வட்டத்தின் பாதி கண்ணாடியில் இருந்தது. மீதிப் பாதி, ரப்பரில் நாலு விரற்கடை தள்ளி இருந்தது.

"எல்லாரையும் இங்கயே வரச் சொல்லுங்க," என்றார் அரங்கநாதன்.

தேவநாதன் வந்தார். விநாயகம் வெற்றிலை மென்றபடி வந்தான். ஜெயம் பின்கட்டு வாசலிலேயே நின்றாள். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. ரஞ்சிதம் அதை நொடிக்கொரு தரம் பார்த்தாள்.

"இந்த ரப்பர் சரியா உட்காரல. மழை பெஞ்சா ஒழுகும்," என்றார் அரங்கநாதன். "கழட்டி மாட்டணும். டைட்டா இருக்குது, இன்னா பண்ணலாம்?"

"நகை போயி உசிரு துடிக்குது, நீங்க ரப்பரைப் பத்திப் பேசறீங்க," என்று தேவநாதன் சீறினார்.

பேச்சு நகையை விட்டு விலகியதில் விநாயகத்துக்கு நிம்மதி. "எண்ணெய் தடவினா வழுக்கிட்டு உட்காரும். திண்டிவனத்துல நானுந்தான் கூட நின்னேனே, மெக்கானிக் டப்பாவுல தொட்டுத் தொட்டுத் தடவினான்."

"அது சோப்புத் தண்ணி, விநாயகம். எண்ணெய் பட்டா ரப்பர் ஊறிக் கெட்டுப்போயிடும், எந்த மெக்கானிக்கும் தொட மாட்டான். நீங்க மில்லுக்காரர். வழுக்கறது எல்லாம் உங்களுக்கு எண்ணெயாத்தான் தெரியும்."

விநாயகம் மெல்லுவதை நிறுத்தினான்.

"நேத்து ரப்பர் விளிம்ப நெம்பிக் கண்ணாடியக் கழட்டி, உள்ள கைய விட்டுப் பெட்டிய எடுத்திருக்காங்க. அப்புறம் எண்ணெயத் தடவி, கயிறு வெச்சு இழுத்து மறுபடி மாட்டியிருக்காங்க. அப்ப ரப்பர் சுத்திக்கிச்சு, பொட்டும் ரெண்டாப் போச்சு. சாவி இருக்கறவனுக்கு இவ்ளோ பாடு எதுக்கு? கதவத் திறந்து எடுத்துட்டுப் போயிருப்பானே. பூட்டு உடையாம இருந்தாத்தான் பழி சாவிக்காரன் மேல விழும். அந்தக் கண்ணாடிய மாட்டறதப் பார்த்தவர், பெட்டிய வண்டியில வைக்கச் சொன்னவர், கீழயே தங்கினவர் எல்லாம் ஒரே ஆளு."

"தாய்மாமன் நான் குத்துக்கல்லு மாதிரி இருக்கேன்," என்றான் விநாயகம். "ஒரு வார்த்தை கேட்காம மெட்ராஸ்காரனுக்குக் குடுத்தீங்க. நகை இல்லேன்னா அவன் போயிடுவான், ஜெயத்த நான் கட்டிக்குவேன்னு பார்த்தேன். பெட்டி மில்லுல புண்ணாக்கு மூட்டைக்குப் பின்னால பத்திரமா இருக்குது."

ஜெயம் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

தேவநாதன் நெற்றியைத் துடைத்தார். "வீட்டு விஷயம். வெளிய தெரிஞ்சா கல்யாணம் நின்னுடும். செல்லப்பனை விட்டுடறேன். நாளைக்கே வேலைக்கு வரட்டும்."

"நடுபஜார்ல திருடன்னு சொன்னீங்க," என்றாள் ரஞ்சிதம். "அங்கயே வந்து இல்லேன்னு சொல்லுங்க. எம் புள்ளைங்க நாளைக்கு அந்தத் தெருவுல நடக்கணும்."

"அப்ப யார் எடுத்தான்னு கேட்பாங்களே."

ரஞ்சிதம் நகரவில்லை. தேவநாதனும் நகரவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கடைவாசலுக்கு வந்து நின்றறியாத நீலாவதி, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கடைக்குள் புகுந்து தெருப்பக்கம் போனாள். பஜார் சந்தடி சட்டென்று அடங்கியது.

"செல்லப்பன் எடுக்கல," என்று அவள் சொன்னது குடோன் வரைக்கும் கேட்டது. "எடுத்தது எங்கூடப் பொறந்த தம்பி."

காலையிலிருந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த செல்லப்பன் அப்போதுதான் அழ ஆரம்பித்தான்.