அண்டா மேல் நின்று பிடித்த கருடன்

சோமு செட்டியார் வீட்டுச் சுவரில் பெரிய படம் ஒன்று மாட்டியிருந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஊர்ச் சிவன் கோயில் கும்பாபிஷேகத்தில் எடுத்த படம். அதில் கோபுரம் இருந்தது. கலசத்துக்குத் தண்ணீர் ஊற்றும் குருக்கள் இருந்தார். அவர் தலைக்கு மேலே ஒரு பறவையும் இருந்தது.

மலையம்மாள் அண்ணாந்து பார்த்தாள். அவளுக்குப் பத்து வயது.

"அப்பா, இந்த வாத்து எப்படிக் கோபுரத்து மேல ஏறுச்சு?"

அவளுடைய அப்பா கருத்தையா அவள் கையை அழுத்தினார். "சும்மா இரு ஆத்தா. அது கருடன்."

ஊஞ்சலில் உட்கார்ந்திருந்த சோமு செட்டியார் சிரித்துவிட்டார்.

"பிள்ளை சரியாத்தான் சொல்லுது. அன்னைக்குக் கருடன் நெசமாவே வந்துச்சு. மூணு சுத்துச் சுத்துச்சு. படம் எடுத்தவரு கோட்டை விட்டுட்டாரு. அப்பறம் பென்சிலால வரைஞ்சு குடுத்துட்டுப் போயிட்டாரு. வீட்டுக்கு வாரவுகள்லாம் இந்த வாத்தைப் பாத்துச் சிரிச்சுட்டுத்தான் உள்ள வாராக."

கும்பாபிஷேகத்தில் கலசத்துக்குத் தண்ணீர் ஊற்றும்போது கருடன் வந்து வட்டமிடும் என்று ஊரில் எல்லோரும் காத்திருப்பார்கள். பாதிக் கூட்டம் அதைப் பார்க்கத்தான் வரும். அடுத்த மாதம் மறுபடியும் கும்பாபிஷேகம். கருத்தையா கோட்டையூரில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருந்தார். படம் எடுக்கும் வேலையைச் செட்டியார் அவருக்குத்தான் கொடுத்திருந்தார்.

"இந்தத் தடவை நெசக் கருடன் படத்துல விழுகணும், கருத்தையா. விழுகாட்டி வெறும் வானம் இருந்துட்டுப் போகட்டும். வரைய மட்டும் வரையாதீக."

"வரையமாட்டேன் ஐயா. கருடனைப் பிடிச்சுத் தாரேன்" என்றார் கருத்தையா.

தெருவுக்கு வந்ததும் அவர் நடை மெதுவாயிற்று.

"வாக்குக் குடுத்துட்டேன் ஆத்தா. ஆனா இதுவரைக்கும் நான் எடுத்ததெல்லாம் நாற்காலியில உக்காந்திருந்தவுகளைத்தான். அவுக பறக்கமாட்டாக."

மறுநாள் இருவரும் கண்மாய்க் கரைக்குப் போனார்கள். அப்பா இரட்டைக்கண் கேமராவை எடுத்துவந்திருந்தார். அதற்கு மேலும் கீழுமாக இரண்டு லென்ஸ். மேல்மூடியைத் திறந்து குனிந்து பார்த்தால், உள்ளே ஒரு கண்ணாடியில் எதிரில் இருப்பதெல்லாம் தெரியும்.

கண்மாய்க்கு மேலே பருந்துகள் சுற்றிக்கொண்டிருந்தன. அப்பா குனிந்து பார்த்தபடி கேமராவைத் திருப்பினார்.

"இந்தா வந்துருச்சு... வந்துருச்சு... எங்குட்டுப் போச்சு?"

"அங்குட்டுப்பா! நீங்க இங்குட்டுத் திரும்புறீக!"

பன்னிரண்டு படங்கள் எடுத்தார். பிலிமைக் கழுவிப் பார்த்தபோது பதினொன்றில் ஒன்றுமே இல்லை. ஒன்றில் மட்டும் ஒரு வால் இருந்தது.

படங்கள் ஸ்டூடியோவில் காய்ந்துகொண்டிருந்தபோது முத்தப்பன் வந்தான். அவன் சோமு செட்டியாரின் பேரன். மலையம்மாளோடு ஒரே வகுப்பில் படிப்பவன்.

"அண்ணே, வானத்தை ரொம்ப நல்லா எடுத்திருக்கீக. ஒரு தூசி தும்பு இல்லை" என்றான்.

"வாயை மூடுடா" என்றாள் மலையம்மாள்.

அன்று மத்தியானம் அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. கொடுத்த வாக்கை நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று மலையம்மாளுக்குத் தெரிந்தது.

"அப்பா, பிலிம் ரோல் போடாம அந்தக் கேமராவை எனக்குத் தாரீகளா?"

"ரோல் இல்லாம என்ன செய்வ?"

"சும்மா பாக்கத்தான்."

கறிக்கடைக்குப் பின்னால் ஒரு பொட்டல் இருந்தது. கடைக்காரர் வீசும் துண்டுகளை எடுக்கப் பருந்துகள் அங்கே பாய்ந்து பாய்ந்து வரும். பள்ளிக்கூடம் விட்டதும் மலையம்மாள் அங்கே போய் நின்றாள்.

முதல் நாளே விஷயம் புரிந்துவிட்டது. பருந்து வலப்பக்கம் போனால் கண்ணாடியில் இடப்பக்கம் போவதாகத் தெரிந்தது. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரை எடுக்கும்போது அதனால் ஒரு தொல்லையும் இல்லை. பறக்கிற பருந்தை அப்படித் துரத்த முடியாது.

இரண்டாம் நாள் மேல்மூடியைத் தடவிப் பார்த்தாள். அதன் முன்பக்கத்தில் சின்னத் தகடு ஒன்று இருந்தது. அதை உள்ளே தள்ளியதும் சதுரமாக ஓர் ஓட்டை தெரிந்தது. கேமராவைக் கண்ணுக்கு நேராகத் தூக்கி, ஓட்டை வழியாகப் பார்த்தாள். இப்போது பருந்து வலப்பக்கம் போனால் வலப்பக்கமே போயிற்று!

ஆனாலும் அவள் பொத்தானை அமுக்குவதற்குள் பருந்து தாண்டிப் போய்விட்டது.

மூன்றாம் நாள் காரைக்குடி டவுன் பஸ் கிளம்பியபோது ஒருவர் ஓடிவந்து ஏறினார். பஸ்ஸோடு கூடவே கொஞ்ச தூரம் ஓடி, அப்புறம்தான் கம்பியைப் பிடித்தார். மலையம்மாள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அன்று சாயங்காலம் அவளும் பருந்தோடு கூடவே ஓடினாள். காலால் ஓடவில்லை. இடுப்பை மெதுவாகத் திருப்பி, பருந்தின் வேகத்துக்கே கேமராவைக் கொண்டுபோனாள். திரும்பிக்கொண்டே அமுக்கினாள். அமுக்கிய பிறகும் நிறுத்தாமல் திரும்பினாள்.

முத்தப்பன் குட்டிச்சுவர் மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தான்.

"ரோல் இல்லாமப் படம் எடுக்குறது, இலையில சோறு போடாமச் சாப்பிடுற மாதிரி இருக்கு."

"பழகுறேன்."

"உன்னைவிட அந்தக் கேமரா பெருசா இருக்கு!"

"கழுகுக்கு அதெல்லாம் தெரியாது, போடா."

"அது கழுகு இல்லை, பருந்து."

"சும்மா சொன்னேன். எனக்கும் தெரியும். வால் பிளந்திருந்தா இந்தப் பருந்து. வால் உருண்டையா, கழுத்து வெள்ளையா இருந்தாக் கருடன்."

பத்து நாள் கழித்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் ஓட்டை வழியாகப் பார்த்தார். மூக்குக்கண்ணாடி தகட்டில் இடித்தது.

"நல்ல வழியாத்தான் இருக்கு ஆத்தா. ஆனா அன்னைக்கு அதே நேரம் பெரிய கேமராவுல கோபுரத்தையும் எடுக்கணுமே. எனக்கு இருக்கறது ரெண்டு கைதானே?"

"என் கை ரெண்டு சும்மாத்தானே இருக்கு?"

அப்பா கேமராவில் ரோலை மாட்டிக் கொடுத்தார். "மூணு படம் எடு. பாப்போம்."

கண்மாய்க் கரையில் எடுத்தாள். மூன்றில் இரண்டில் பருந்து இருந்தது. அப்பா படங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கேமராவைத் துடைத்து அவள் கழுத்தில் மாட்டினார். வார் முழங்கால் வரை தொங்கியது. அதில் முடிச்சுப் போட்டு அவள் அளவுக்குச் சுருக்கிவிட்டார்.

கும்பாபிஷேகத்தன்று செட்டியார் வீட்டு மொட்டை மாடியில் இடம் கொடுத்திருந்தார்கள். கோபுரம் நேர் எதிரே இருந்தது. அப்பா ஒரு மூலையில் பெரிய கேமராவை நிறுத்தினார். மாடி முழுக்கச் செட்டியாரின் உறவுக்காரர்கள்.

கீழே மேளம் கொட்டியதும் எல்லோரும் கையைத் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார்கள். மலையம்மாளுக்கு வானமே தெரியவில்லை. முழங்கைகளும் வளையல்களும்தான் தெரிந்தன.

கருடன் வரும்போதும் இப்படித்தான் தூக்குவார்கள். யாரிடம் போய்க் கும்பிடாதீர்கள் என்று சொல்ல முடியும்?

"முத்தப்பா! உங்க வீட்டுல பெரிய அண்டா இருக்கா?"

"எங்க வீட்டுலயா? இருபது இருக்கு. எதுக்கு, பொங்கல் வைக்கப் போறியா?"

"ஏறி நிக்கப் போறேன். சீக்கிரம் வா!"

இருவரும் ஓர் அண்டாவைப் படியில் தட்டிக்கொண்டே தூக்கிவந்து கவிழ்த்தார்கள். மலையம்மாள் ஏறினாள். இப்போது கைகளுக்கு மேலே வானம் தெரிந்தது. ஆனால் அண்டா ஆடியது.

"குனிஞ்சு நல்லா அமுக்கிப் பிடிச்சுக்க. விட்டுறாத."

"அப்ப நான் எப்பக் கருடனைப் பாக்குறது? இதை விட்டா இன்னும் பன்னெண்டு வருஷம் ஆகும்!"

"நீ மேல பாத்தீன்னா நான் கீழ விழுந்துருவேன்."

முத்தப்பன் முகம் வாடியது. இருந்தாலும் குனிந்து அண்டாவை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

கோபுரத்தின் மேல் குருக்கள் குடத்தைத் தூக்கினார். அப்போது யாரோ கத்தினார்கள்.

"கருடன்! கருடன்!"

எல்லாக் கைகளும் உயர்ந்தன. மலையம்மாள் கேமராவைத் தூக்கினாள். தெற்கே இருந்து ஒரு பறவை வந்தது. அவள் அதோடு கூடவே திரும்பினாள். ஆனால் அமுக்கவில்லை.

"அமுக்கு! அமுக்கு!" என்றான் முத்தப்பன் கீழேயிருந்து.

"வால் பிளந்திருக்குடா. இது கறிக்கடைப் பருந்து."

"கருடன்னு எல்லாரும் சொல்றாகளே!"

"சொல்லட்டும்."

அந்தப் பருந்து போய்விட்டது. மூலையிலிருந்து அப்பா அவளைப் பார்த்தார். விட்டுவிட்டாள் என்று நினைத்தாரோ என்னவோ. தண்ணீர் கலசத்தின் மேல் விழத் தொடங்கியது. மலையம்மாள் வானத்தை இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை தேடினாள். கருடன் வராமலே போய்விட்டால்?

அப்போது ஊருணிப் பக்கமிருந்து ஒன்று தாழ்வாக வந்தது. காலை வெயில் அதன் வெள்ளைக் கழுத்தில் பட்டது. வால் உருண்டை.

மலையம்மாள் அதோடு திரும்பினாள். திரும்பிக்கொண்டே அமுக்கினாள். ரோலைச் சுற்றினாள். கருடன் சாய்ந்து வளைந்து கலசத்துக்கு மேலே வந்தது. மறுபடி அமுக்கினாள்.

பிறகு அது மேலே மேலே போய்ப் புள்ளியாகிவிட்டது.

"போயிருச்சா?" என்றான் முத்தப்பன்.

"போயிருச்சு."

"நல்லா இருந்துச்சா?"

"ம்."

அன்று மத்தியானமே அப்பா இருட்டறையில் ரோலைக் கழுவினார். முதல் படத்தில் கருடனின் பாதி உடம்புதான் இருந்தது. இரண்டாவது படத்தை அச்சுப் போட்டு மருந்துத் தட்டில் அமிழ்த்தினார். தாளில் மெதுவாகக் கோபுரம் வந்தது. விழும் தண்ணீர் வந்தது. அதற்கு மேலே, புளியங்கொட்டை அளவில், இறக்கைகளை விரித்துச் சாய்ந்தபடி ஒரு கருடன் வந்தது. ஓர் இறக்கை நுனி மட்டும் கொஞ்சம் கலங்கியிருந்தது.

"பென்சிலால நுனியைச் சரி பண்ணட்டுமாப்பா?"

"தொடாத. அது பறக்குது. அப்படித்தான் இருக்கும்."

படம் காய்ந்ததும் இருவரும் செட்டியார் வீட்டுக்குப் போனார்கள். சோமு செட்டியார் கையை நீட்டினார்.

"ஐயா, கொஞ்சம் பொறுங்க. முத்தப்பன்தான் மொதல்ல பாக்கணும். அவன் மட்டும்தான் கருடனைப் பாக்கலை" என்றாள் மலையம்மாள்.

முத்தப்பன் படத்தை வாங்கினான். எதையாவது கிண்டலாகச் சொல்லப் போகிறான் என்று அவள் காத்திருந்தாள். அவன் படத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனான். பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு தாத்தாவிடம் ஓடினான். "ஐயா, கருடன்! நெசக் கருடன்!"

சோமு செட்டியார் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எழுந்து நின்றார்.

"கருத்தையா, சொன்ன மாதிரியே பிடிச்சுட்டீக!"

"நான் பிடிச்சது கோபுரத்தைத்தான் ஐயா, அது வேற படம்" என்றார் அப்பா. "இதைப் பிடிச்சது என் மக."

வீட்டில் எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்படியா?" என்றார் செட்டியார். "அப்ப இந்தப் பிள்ளையையும் ஒரு படம் எடுங்க. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல மாட்டணும்."

"முத்தப்பனும் வரணும். அண்டாவைப் பிடிச்சவன் அவன்தான்."

மறுநாள் ஸ்டூடியோவில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். முத்தப்பன் தலையில் அரைப்படி எண்ணெய். மலையம்மாள் கழுத்தில் கேமரா.

"ஆடாம நில்லுங்க" என்று சொல்லிவிட்டு, அப்பா பெரிய கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தார்.

நேரம் போயிற்று. அப்பா வெளியே வரவில்லை. துணி லேசாக அசைந்தது. உள்ளே மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"அப்பா, எங்களைத் தெரியுதா இல்லையா?" என்றாள் மலையம்மாள்.

"தெரியுது ஆத்தா" என்றது துணிக்குள்ளிருந்து அப்பாவின் குரல். "நல்லாத் தெரியுது."