காயாத பலகை

ஒரு பலகை மட்டும் காயவில்லை.

வீட்டு முகப்பில், மேல்மாடி யன்னலைச் சுற்றி, மீன் செதில் மாதிரி அடுக்கடுக்காய் ஆணியடித்த சிறு மரப் பலகைகள் நானூறுக்கு மேல் இருந்தன. புதன்கிழமை முழுவதும் புவனேந்திரன் ஏணியில் நின்று, மெல்லிய பிரஷ்ஷால் பாசியைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். வியாழன் மதியம் அடித்த வறண்ட காற்றில் எல்லாம் சாம்பல் நிறமாய் வெளுத்துவிட்டன. யன்னலுக்குக் கீழே இது மட்டும் உள்ளங்கையளவு ஈரத்தோடு கறுத்துக் கிடந்தது. துணியால் துடைத்தார். ஈரம் போனது. கண்ணாடியில் யாரோ மூச்சு விட்டதுபோல மெல்லத் திரும்பி வந்தது.

2007 சனவரிக் குளிரில் லண்டனில் மரத்துக்கு ஈரம் தடுக்கும் பூச்சுப் பூச ஒருவர் ஏணி ஏறினார் என்றால், அவர் எங்கள் ஆளாகத்தான் இருப்பார். வெள்ளைக்காரன் கோடை வரட்டும் என்று பொறுத்திருப்பான். எங்களுக்கு மார்கழியில் குடிபூரல், புதுவீட்டுச் சடங்கு, ஆகாது. தை பிறந்தால் முதல் வெள்ளியை விடவும் மனம் வராது. சூரிச்சில் பத்து வருடம் இதே வேலை செய்த மனிதருக்கு, கழுவிய பலகை ஒரு கிழமை, ஏழு நாளாவது காயவேண்டும் என்பது தெரியாமலில்லை. ஆனால் ஐயர் குறித்துக் கொடுத்த நேரம் நாளை காலை எட்டேகால்.

மனைவி சுசிலாவுக்காகவும்தான் இத்தனை அவசரம். அவளுக்குத் தொய்வு, நாள்பட்ட மூச்சிழுப்பு. சடங்குதான் பாக்கி; மார்கழியிலேயே சாமான்களோடு இந்த இல்ஃபோர்ட் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். வந்த நாள் முதல் அது இன்னும் கூடி, இரவெல்லாம் அவளுக்கு மூச்சு இழுத்தது. சுவர் வழியே ஈரம் ஏறுகிறது, அதை அடைத்துவிட்டால் அவள் பிழைத்துக்கொள்வாள் என்று அவர் நம்பினார். அந்தப் பலகைக்கு நேர் பின்னால்தான் அவள் கட்டில்.

எதிர்வீட்டு றோஸ்மலர், கடைக்குப் போகிற சாட்டில் மூன்றாவது தடவையாக வாசலில் நின்றாள்.

“என்ன அண்ணை, வீட்டுக்குத் தலைமுழுக்கோ?”

“நாளைக்குச் சனம் வருகுது, பிள்ளை.”

“சனம் சாப்பாட்டைத்தான் பார்க்கும். சுவரை நான் ஒருத்திதான் பார்ப்பன்.”

அவள் போனதும் தெரு ஓய்ந்தது. ஓரங்களிலிருந்து பூசிக்கொண்டு வந்தார். ஈரப் பலகையைக் கடைசிக்கு விட்டார். மூன்றரைக்கே வெளிச்சம் மங்கத் தொடங்கி, பக்கத்து வீட்டுப் புகைபோக்கியின் நிழல் சுவரில் நீண்டு அவருடைய முழங்கையில் ஏறியபோது, பிரஷ்ஷின் சரசரப்புக்கு அடியில் இன்னொரு சத்தம் கேட்டது. பூட்டிய யன்னலுக்கு உள்ளே, மதியத் தூக்கத்தில் சுசிலா மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள். அவள் இழுத்தபோது ஈரம் சுருங்கியது. விட்டபோது விரிந்தது. முகத்தைக் கிட்டக் கொண்டுபோனார். மரத்திலிருந்து யூக்கலிப்டஸ் எண்ணெய் மணந்தது. அவள் நெஞ்சில் பூசிக்கொள்ளும் எண்ணெய். வெதுவெதுப்பாக.

அப்போதே விட்டிருக்கலாம். இறங்கவும் செய்தார். கீழிருந்து பார்த்தால், பளபளக்கும் சுவரின் நடுவே அது பல் விழுந்த இடம்போலத் தெரிந்தது. வருகிறவர்கள் கேட்பார்கள். முக்கியமாக, றோஸ்மலர் கேட்பாள். திரும்ப ஏறினார்.

முதல் பூச்சைப் பலகை உறிஞ்சிக் குடித்தது. இரண்டாவதையும். மூன்றாவது அப்படியே நின்றது.

உள்ளே சத்தமும் நின்றது.

ஓடிப்போய்ப் பார்த்தார். சுசிலா கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். “நல்ல சுகமாக் கிடக்குதப்பா,” என்றாள். “இழுப்பே இல்லை.”

கலியாணம் கட்டிய பதினொரு வருடத்தில், அன்றிரவுதான் முதன்முறையாக அவர்கள் அறை நிசப்தமாக இருந்தது. சந்தோஷப்பட முயன்றார். கையை நீட்டி அவள் நெஞ்சில் வைத்துப் பார்க்க மட்டும் துணிவு வரவில்லை.

வெள்ளி காலை உறைபனி. வாசலில் கூடி நின்ற இருபது பேரும் வாய் திறந்தபோதெல்லாம் வெண்புகை. ஐயரின் மந்திரம் புகைந்தது. றோஸ்மலரின் வம்பு எல்லாவற்றையும்விட அடர்த்தியாகப் புகைந்தது. நிறைகுடத்தை ஏந்தி நடுவில் நின்ற சுசிலா, ஒவ்வொருவராய்ப் பெயர் சொல்லி வரவேற்றாள். முகம் தெளிந்துபோச்சு, லண்டன் ஒத்துக்கொண்டுவிட்டது என்று எல்லோரும் மெச்சினார்கள்.

அவள் வாயிலிருந்து புகை வரவில்லை. சொற்கள் மட்டும்.

பட்டு வேட்டியோடு புவனேந்திரன் ஏணியில் ஏறியதைத் தெருவே பார்த்துச் சிரித்தது. அந்தப் பலகையின் பூச்சை உளியால் சுரண்டினார். காய ஒரு நாளாவது எடுக்கும் பூச்சு கல்லாய் இறுகிக் கிடந்தது. உளி வழுக்கியது. மறுபடியும். நகம் பிய்ந்தது. பலகையையே பெயர்க்கப் பார்த்தார். விளிம்பு அகப்படவில்லை. எங்கும் ஒரே தோல்.

“இறங்குங்கோ,” என்று சுசிலா கீழிருந்து கூப்பிட்டாள். “நேரம் தப்பப் போகுது.”

இறங்கினார். பக்கத்தில் நின்றார். ஐயர் மாவிலையால் தீர்த்தம் தெளித்தார்.

புவனேந்திரனின் முகம் நனைந்தது. அவள் முகம் நனையவில்லை. பூச்சுப் பூசிய பலகையில் நிற்பதுபோல, துளிகள் நெற்றியில் முத்தாய் நின்றன. உருண்டன. திறந்திருந்த கண்ணின் நடுவில் ஒன்று வந்து தங்கியது. அவள் இமைக்கவில்லை. வாய் சிரித்துக்கொண்டே இருந்தது. துளிக்கு அடியில் கண்மணி மட்டும், எரியும் அறைக்குள் கதவு தேடுகிறவளைப்போல, அங்கும் இங்கும். அங்கும் இங்கும்.