வலிச்சா கையைத் தூக்குங்க

அந்தப் பல் ஆஸ்பத்திரி ஒரு வீட்டின் கீழ்த்தளம். மேலே குடித்தனம், கீழே வைத்தியம். மாடியில் யாராவது குழாயைத் திறந்தால், கீழே சுவருக்குள் தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்கும். கிராம்பு எண்ணெயும் ப்ளீச்சிங் நெடியும் கலந்து, வாசல்படி ஏறும்போதே நாக்கில் வந்து ஒட்டும்.

புதிதாக வேலைக்கு வந்த பெண் டாக்டரைப் பெரியவர் உட்காரச் சொல்லவில்லை. மகனிடமும் மருமகளிடமும் தொழிலை ஒப்படைத்துவிட்டு, முன்னறை மூலையில் குந்தியிருப்பவர் அவர்.

"சர்டிபிகேட்டெல்லாம் பையன் பாத்துட்டான். நான் சொல்றது ஒண்ணே ஒண்ணு. 'வலிச்சா கையைத் தூக்குங்க'ன்னு பேஷன்ட்கிட்ட சொல்லக் கூடாது. இந்த வீட்டுல அந்தப் பேச்சே கிடையாது."

"ஏன் சார்?"

"கிடையாதுன்னா கிடையாது."

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. அவள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். அவள் அம்மாவுக்குப் பல் பிடுங்கியபோது, இரண்டு பேர் அம்மாவின் கைகளை அமுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். 'கத்தாதேம்மா, என் காது போகுது' என்றாராம் டாக்டர். அம்மாவின் மணிக்கட்டில் கன்றிப்போயிருந்த விரல் தடங்களைப் பார்த்த அன்றே, இந்தப் படிப்புதான் என்று முடிவு கட்டினாள். இந்த நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு வாய் கிடையாது. கையும் கிடையாதென்றால் அப்புறம் என்னதான் மிச்சம்?

கிழவருக்குத் திமிர். தலையை ஆட்டிவிட்டு வந்தாள். மனது ஆடவில்லை.

மகனும் மருமகளும் மாடிக்குச் சாப்பிடப் போன நேரத்தில், பஸ் டிரைவர் ஒருவர் கன்னத்தைத் தாங்கிக்கொண்டு வந்தார். ராத்திரி முழுக்கத் தூங்காத கண்கள். கீழ்க் கடைவாய்ப்பல்லில் சொத்தை நரம்பைத் தொட்டிருந்தது. வேர் சிகிச்சை செய்து நரம்பை எடுத்தால்தான் பல் தங்கும்.

"டாக்டரம்மா, மலைப்பாதைல பிரேக் புடிக்காத வண்டியைக்கூட இறக்கியிருக்கேன். ஊசின்னா மட்டும் கால் வெடவெடங்குது, பாருங்க."

செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"பயப்படாதீங்கண்ணே. இங்கே பிரேக் உங்ககிட்டத்தான். வலிச்சா இடது கையைத் தூக்குங்க, நான் நிறுத்திடுவேன். சத்தியமா."

சுவருக்குள் இறங்கிக்கொண்டிருந்த தண்ணீர் சட்டென்று நின்றது.

ஊசி போட்டாள். "உதடு மரத்துப்போச்சா?"

"கட்டை மாதிரி கெடக்கு."

வாயின்மேல் ரப்பர் திரையைக் கட்டினாள். இனி அந்தப் பல் ஒன்றுதான் வெளியே தெரியும். பல்லைத் துளைத்தபோது கருகல் வாடை எழுந்தது. மயிரிழை போன்ற கம்பியை வேருக்குள் இறக்கினாள். நுனியை நெருங்க நெருங்க, வேரின் ஆழத்தை அளக்கும் சின்ன மிஷின் பீப், பீப் என்றது.

டிரைவரின் அந்தப் பக்கத்தில் ஒரு கை உயர்ந்தது.

உடனே நிறுத்தினாள். "வலிக்குதாண்ணே?"

"ம்ஹூம்" என்று தலையாட்டினார்.

மறுபடி கம்பியை இறக்கினாள். மறுபடி கை.

"சும்மா சும்மா பிரேக் போட்டா ஊர் போய்ச் சேர முடியாதுண்ணே" என்று சிரித்தாள்.

டிரைவர் புரியாமல் விழித்தார். வயிற்றின்மேல் கோத்திருந்த விரல்களைப் பிரித்து, இரண்டு கைகளையும் அவளுக்குக் காட்டினார்.

இரண்டு.

மூன்றாவது கை இறங்கவில்லை.

மெலிந்த பெண் கை. நகங்கள் நீலம் பாரித்திருந்தன. நாற்காலியின் கைப்பிடி வரை கை இருந்தது. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. விரல்கள் மட்டும் எதையோ பிடிக்கப் பார்ப்பதுபோல் மூடி மூடித் திறந்தன.

கதவருகே பெரியவர் நின்றார். அவர் கண் அவள்மேல் இல்லை.

"சொல்லிட்டியா" என்றார், மூச்சுக் குரலில்.

"யாரு சார் அது?"

"என் வீட்டுக்காரி. இதே நாற்காலி, இதே வைத்தியம். கையைத் தூக்கும்மான்னு நான்தான் சொன்னேன். தூக்கினா. 'ரெண்டே நிமிஷம்'னு சொல்லிட்டு, குனிஞ்ச தலை நிமிராம வேலையைப் பாத்தேன்." அந்தக் கையையே பார்த்தபடி தொடர்ந்தார். "வலி இல்லம்மா அது. ஊசி ஒத்துக்கல. மூச்சு முட்டித் தூக்கியிருக்கா."

அவள் கம்பியைக் கீழே வைத்தாள். கைகளை விலக்கிக்கொண்டாள். நிறுத்துவேன் என்று சத்தியம் பண்ணியிருந்தாள், நிறுத்தினாள். காத்திருந்தாள்.

நீல விரல்கள் மூடித் திறந்தன.

டிரைவர் முனகத் தொடங்கினார். மரப்பு குறைந்து, பாதி அறுந்த நரம்பு விழித்துக்கொண்டிருந்தது. அப்படியே விட்டால் மனிதர் சுவரில் முட்டிக்கொள்வார். இன்னொரு ஊசி போடுவதென்றாலும் அந்த வாயில் கை வைத்தாக வேண்டும். அவர் கண்ணோரம் நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. ரப்பர் திரைக்குக் கீழிருந்து குழறலாக ஒரு சொல் வந்தது.

"முழிங்க... முழிச்சிடுங்க..."

முடிங்க என்கிறார்.

உயிரோடிருப்பவர் முடிக்கச் சொல்கிறார். செத்தவள் நிறுத்தச் சொல்கிறாள்.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்தாள். ஊசியை ஏற்றினாள், கம்பியை எடுத்தாள். ஓரக்கண்ணில் அந்தக் கை ஆடியது, வேகமாக, இன்னும் வேகமாக. அவள் நிமிரவில்லை. அவள் வாய் தன்பாட்டுக்குச் சொன்னது:

"ரெண்டே நிமிஷம்."

கதவருகே கிழவர் காதைப் பொத்திக்கொண்டார்.

பீப். நரம்பு சிவப்பு நூலாகக் கம்பியில் சுற்றிக்கொண்டு வந்தது.

கை மெல்ல மடங்கியது. கீழே இறங்கவில்லை. டிரைவரைத் தாண்டி நீண்டு வந்து, அவள் தோளில் அமர்ந்தது. கோட்டுத் துணியைத் தாண்டி ஈரம் இறங்கியது. எழுந்து நிற்கப் பிடிமானம் தேடுகிறவள்போல், ஒரு தடவை அழுத்தியது.

பிறகு எதுவும் இல்லை. சுவருக்குள் தண்ணீர் ஓடத் தொடங்கியது.

"பூ மாதிரி எடுத்துட்டீங்க டாக்டரம்மா" என்று கோணல் உதட்டோடு சொல்லிவிட்டுப் போனார் டிரைவர்.

பெரியவர் காலியான நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார். சுமையை இறக்கி வைத்த ஆளின் முகம் அது.

"எனக்கு ஒருநாளும் அந்தக் கை மடங்கினதில்ல" என்றார். பிறகு முதல் தடவையாக, "உக்காரும்மா" என்றார்.

அவள் உட்காரவில்லை. அன்றோடு அந்த வேலையை விட்டாள்.

அடுத்து அவள் சேர்ந்த ஆஸ்பத்திரி கண்ணாடிச் சுவரும் வெள்ளை வெளிச்சமுமாகப் புத்தம்புதுக் கட்டடம். மேலே குடித்தனம் இல்லை. அங்கே செத்தவர் யாரும் இல்லை என்று விசாரித்துக்கொண்டுதான் சேர்ந்தாள். அந்தப் பேச்சை மறந்தும் எடுப்பதில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

முதல் நோயாளி ஒரு கல்லூரிப் பெண். நாற்காலியைச் சாய்ப்பதற்குள் இடது கையைத் தூக்கினாள்.

"என்னம்மா? இன்னும் தொடவே இல்லையே."

"இல்ல டாக்டர், இப்படித்தான் தூக்கணுமான்னு பாத்தேன். வலிச்சா தூக்கச் சொன்னாங்க."

"யாரு சொன்னா?"

அந்தப் பெண்ணின் பார்வை அவள் தோளைத் தாண்டிப் போனது.

"உங்க பின்னாடி நிக்கறாங்களே, அந்த அக்கா."

அவள் திரும்பவில்லை. தோளில் ஈரம் இறங்கியது.

"ஆனா தூக்கினாலும் நீங்க நிறுத்த மாட்டீங்களாமே" என்றாள் பெண். "நிஜமாவா டாக்டர்?"