தோளில் நாலு விரல்

விம்கோ நகரில் மூடிக் கிடக்கிற அந்தப் பழைய ஃபேக்டரிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மதியம் மூன்று மணி. கேட்டுக்கு வெளியே, ஏசி ஓடிக்கொண்டிருந்த காருக்குள் ‘கலீஜ்’ உட்கார்ந்திருந்தது.

கலீஜ் என்பது அவர்கள் இசைக்குழுவின் பெயர். எங்கள் பக்கத்தில் அழுக்கு, அசிங்கம் என்று அர்த்தம்; யாரையாவது அப்படிச் சொன்னால் அடி விழும். இவர்களுக்கு அது ஸ்டைல். பாடுகிற ஜெரினின் அப்பாவுக்கு சாத்தாங்காட்டில் மூன்று இரும்புக்கடை. பையன் வளர்ந்ததெல்லாம் அண்ணா நகரில். மேடை ஏறினால் மட்டும் ‘இன்னா மாமு’ என்பான். இறங்கினதும் கையில் சானிடைசர் தடவிக்கொள்வான். கிடார் ஃபர்ஹானும் கீபோர்டு ஷாலுவும் அவன் சொன்னதற்கெல்லாம் தலையாட்டுகிற ஜாதி.

நான் லூர்து. ராயபுரத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், சர்ச்சில் புதுநன்மை, சாவு எல்லாம் எடுப்பேன். இந்த மாதிரி கும்பல்களுக்கு விளம்பரப் படமும் எடுத்துத் தொலைப்பேன்.

“ப்ரோ, லுங்கி ஓகேவா? நல்லா ரா-வா, லோக்கலா தெரியணும்,” என்று இறங்கினான் ஜெரின்.

லுங்கியில் இஸ்திரி மடிப்பு கலையவில்லை. பனியனில் கத்தரிக்கோலால் வெட்டிய கிழிசல். காறித் துப்பலாம் போல இருந்தது. ஆனால் அவனிடமிருந்து எனக்கு ஒன்று ஆக வேண்டியிருந்தது.

ஒரு போட்டோ.

முன்பு அவர்கள் நாலு பேர். நாலாவது ஆள் டெரிக், புளியந்தோப்பு ஹவுசிங் போர்டுப் பையன். டோலக் வாசிப்பான். அவன் வாசிப்பு இல்லையென்றால் இவர்கள் பாட்டை நாய்கூட நின்று கேட்காது. வலது கையில் நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் எப்போதும் வெள்ளை பிளாஸ்திரி சுற்றியிருப்பான். பாட்டு தொடங்குமுன் பக்கத்தில் நிற்பவன் தோளில் கைபோட்டு நாலு தட்டு தட்டுவான். நாலாவது தட்டில் எல்லோரும் ஆரம்பிப்பார்கள். படத்துக்கு நின்றாலும் அந்தக் கை அங்கேதான் கிடக்கும்.

காசிமேட்டில் நாலு பேரையும் வைத்து நான் எடுத்த படம் நன்றாக வந்திருந்தது. பிறகு ஏதோ ஒரு கம்பெனி இவர்கள் பாட்டை வெளியிட ஒத்துக்கொண்டது. உடனே ஜெரின் ஃபோன் செய்தான். “டெரிக் லுக் செட் ஆகல ப்ரோ. அவனைத் தூக்கிடுங்க. சிம்பிள் எடிட்தானே.”

தூக்கினேன். மற்ற மூவரையும் நெருக்கி ஒட்டினேன். க்ரூப் படத்தில் ஆளை அழிக்கிறவன் அவன் கை எங்கே கிடக்கிறது என்று தேடி அதையும் அழிக்க வேண்டும். அவசரத்தில் அதை மறந்தேன். ஜெரின் தோளில் நாலு விரல் மட்டும் தொங்க, போஸ்டர் ஊரெல்லாம் போய்விட்டது. எல்லோரும் சிரித்தார்கள். ஜெரின் கத்தினான். பதினைந்து நிமிஷத்தில் விரல்களையும் துடைத்து அனுப்பினேன்.

அன்று சாயங்காலம் டெரிக் கூப்பிட்டான். சண்டை போடவில்லை. “லூர்துண்ணா, விரலையாவது வுட்டு வச்சிருக்கலாம்ல,” என்றான்.

“இன்னாடா பண்றது, தொழிலு,” என்று வைத்துவிட்டேன்.

நாலாவது நாள் எண்ணூர் ரோட்டில் கண்டெய்னர் லாரியில் அடிபட்டுப் போய்ச் சேர்ந்தான். ஃபோனும் அவனோடு நொறுங்கிப் போனது.

போன வாரம் அவன் அம்மா சிலுவையம்மாள் ஸ்டுடியோவுக்கு வந்தாள். இறால் உரிக்கிற கம்பெனியில் வேலை. விரல் நுனியெல்லாம் ஊறி வெளுத்திருக்கும். சனிக்கிழமை சர்ச்சில் அவனுக்கு முப்பதாம் நாள் பூசை. வருகிறவர்களுக்குக் கொடுக்கிற நினைவு அட்டையில் போட அவளுக்கு மகன் படம் வேண்டும்.

“ஆதார் படந்தான் கீது நைனா. அதுல எம் புள்ள யாரோ மாரி கீறான். பேண்டு பசங்ககூட சிரிச்சிகினு நிப்பானே, அத்த குடு.”

“தரேங்க்கா,” என்றேன். அந்தப் படம் என்னிடம் இல்லை. ஒரு கல்யாணப் படங்களுக்கு ஹார்ட் டிஸ்க்கில் இடம் வேண்டுமென்று மொத்தத்தையும் அழித்திருந்தேன். முதலில் எடுத்ததை ஜெரினுக்கு அனுப்பியது ஞாபகம் வந்தது. கேட்டதற்கு, “இந்த ஷூட்டை முடிச்சுக் குடுங்க, தேடித் தரேன்,” என்றான். இன்றைக்குப் புதன்கிழமை.

உள்ளே போனோம்.

கூரைத் தகரத்தின் ஓட்டைகள் வழியாக வெயில் துண்டு துண்டாக விழுந்திருந்தது. அதைத் தாண்டி ஒரே இருட்டு. வௌவால் எச்சமும் துருவும் சேர்ந்த நாற்றம். கடற்காற்று தகரத்தை மெல்லத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது. ஷாலு துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டாள். வட சென்னையின் வலியைப் பாட வந்தவளுக்கு வட சென்னையின் வாசம் ஆகவில்லை.

மூன்று பேரையும் செங்கல் சுவரில் முதுகை ஒட்டி நிற்க வைத்தேன். நடுவில் ஜெரின். முதுகுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு காகிதம்கூட நுழையாது.

“கோவமா பாருங்க,” என்றேன். பசி வந்த கன்றுக்குட்டி மாதிரி பார்த்தார்கள். எடுத்தேன்.

கேமரா திரையில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

ஜெரினின் வலது தோளில் நாலு விரல்.

நிமிர்ந்து பார்த்தேன். அவன் தோளில் ஒன்றும் இல்லை. ஃபர்ஹான் பாக்கெட்டில் கை விட்டிருந்தான். ஷாலு கைகட்டி நின்றாள்.

இன்னொன்று எடுத்தேன். இருந்தது. நடுவிரலிலும் மோதிர விரலிலும் வெள்ளையாக ஏதோ சுற்றியிருந்தது.

“இடம் மாறி நில்லுங்க,” என்றேன். ஷாலு நடுவே வந்தாள். எடுத்தேன்.

விரல்கள் ஷாலுவின் தோளில் இருந்தன.

அவளுக்கு நான் இன்னும் எதையும் காட்டவில்லை. அவளாகவே கிசுகிசுத்தாள். “ஜெரின்... யாரோ என் தோளைத் தட்டுறாங்க.”

தகரம் ஆடுவது நின்றிருந்தது.

“எத்தனை தடவை?” என்று கேட்டேன்.

“நாலு.”

ஜெரின் வந்து கேமராவைப் பிடுங்கிப் பார்த்தான். முகம் சுண்ணாம்பாய்ப் போனது. அப்போதும் அந்த வாய் அடங்கவில்லை. “சீப் ட்ரிக் ப்ரோ. பழைய ஃபோட்டோவ வச்சு என்னமோ பண்றீங்க. டெலிட் பண்ணுங்க.”

“பழைய போட்டோ எங்கிட்ட இல்ல. உங்கிட்டதான் கீது. குடு, நான் போறேன்.”

“அதெல்லாம் அப்பவே டெலிட் பண்ணிட்டேன். செத்தவன் ஃபோட்டோவ லேப்டாப்ல வச்சுட்டு என்ன பண்றது?”

ஃபர்ஹான்கூட அவனைத் திரும்பிப் பார்த்தான். ஷாலு அழுதுகொண்டே வெளியே ஓடினாள். எனக்கு அவனை அந்தச் சுவரோடு வைத்து அறைய வேண்டும் போல இருந்தது. அடுத்த நிமிஷமே எனக்கும் அவனுக்கும் என்ன வித்தியாசம் என்று தோன்றியது. அவன் சொன்னான், அழித்தது நான். கல்யாணத்துக்கு இடம் வேண்டுமென்று இன்னொரு தடவையும் அழித்தேன். கேமராவை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

மறுநாள் காலை புளியந்தோப்புக்குப் போனேன். மூன்றாவது மாடி. சிலுவையம்மாள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். போஸ்டரில் அவள் மகனைத் தூக்கியதையும், விரலைத் துடைத்ததையும், அவன் ஃபோன் செய்ததையும். செருப்பால் அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கேமராவை நீட்டினேன். வெகுநேரம் பார்த்தாள். பிளாஸ்திரி சுற்றிய விரல்களின் மேல் தன் வெளுத்த விரலை வைத்தாள்.

“எம் புள்ள கைதான். சுண்டு விரல்ல வெட்டு பாரு. எனக்கு இறால் உரிச்சுக் குடுக்கசொல்ல பட்டது.”

“யக்கா, மூஞ்சி இல்லையே.”

“நீ ஒண்ணு பண்ணு நைனா,” என்றாள். குரல் உயரவில்லை. “அந்தப் பாட்டுக்காரன அழிச்சுடு. எம் புள்ள கைய வுட்டுடு.”

அன்று மத்தியானம் ஸ்டுடியோவில் உட்கார்ந்து ஜெரினை அழித்தேன். கிழிந்த பனியன், இஸ்திரி லுங்கி, அந்த மூஞ்சி எல்லாம் போனது. செங்கல் சுவரின் முன்னால், எதன் மேலும் இல்லாமல், நாலு விரல் மட்டும் நின்றது. அதற்குக் கீழே பெயரும் தேதியும் போட்டு அச்சுக்குக் கொடுத்தேன்.

கலீஜ் இப்போது படமே எடுத்துக்கொள்வதில்லையாம். போஸ்டரில் மூன்று பூனை பொம்மை வரைந்து போடுகிறார்கள். அதைக் கலை என்று வேறு சொல்லிக்கொள்கிறான் ஜெரின்.

சனிக்கிழமை பூசைக்கு நிறையப் பேர் வந்திருந்தார்கள். அட்டையை வாங்கியவர்கள் யாரும் முகம் எங்கே என்று கேட்கவில்லை. முடிந்ததும் சிலுவையம்மாள் என்னை மாதா கோயில் வாசலில் நிறுத்தி, என் ஃபோனை வாங்கிப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்தாள். நாங்கள் இரண்டு பேர் மட்டும் நின்றோம். என் பக்கத்தில் ஒட்டி நிற்க வந்தவள், என்ன நினைத்தாளோ, ஓர் ஆள் நிற்கிற அளவு இடம் விட்டுத் தள்ளி நின்றாள்.

படம் எடுத்ததும் அந்தப் பெண் ஃபோனைப் பார்த்தாள். எங்களைப் பார்த்தாள். மறுபடி ஃபோனைப் பார்த்துவிட்டு, சிலுவையம்மாளிடம் நீட்டினாள்.

சிலுவையம்மாள் பார்த்தாள். முப்பது நாளில் முதல் தடவையாகச் சிரித்தாள்.

“இத்தையும் அழிச்சுடாத நைனா,” என்றாள்.

அழிக்கவில்லை. பார்க்கவும் இல்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. அன்றிலிருந்து யாரைப் படமெடுக்கக் கேமராவைத் தூக்கினாலும் என் வலது தோள் கனக்கிறது.

நாலாவது தட்டு விழுகிறவரைக்கும் நான் பட்டனை அழுத்துவதில்லை.