இயர்போனை அறுத்தது யார்?

“போச்சு! மறுபடியும் ஒரு காது செத்துப்போச்சு!” என்று அப்பா இயர்போனைத் தூக்கிக் காட்டினார்.

அம்மாவின் பார்வை நேராகக் குடைச்சல் மேல் பாய்ந்தது. குடைச்சல் என்பது வீட்டில் மகளைக் கூப்பிடும் பெயர். கடிகாரத்தைக் கழற்றுவாள், பேனாவைப் பிரிப்பாள். அதனால் வீட்டில் எது கெட்டாலும் பழி அவள் தலையில்தான் விழும்.

“நீதானே இழுத்த?”

“நான் தொடவே இல்லம்மா!”

“ஆமா, அது தானா அறுந்துச்சாக்கும்!”

அப்பா வாயே திறக்கவில்லை. ‘அவளா இருக்காது’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! குடைச்சலுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அந்த வீட்டில் இயர்போன் இல்லாமல் பொழுது நகராது. அம்மா நர்ஸ். இரவெல்லாம் ஆஸ்பத்திரி வேலை, பகலில்தான் தூக்கம். அப்பா தையல்காரர். அதே அறையில், ஜன்னலோரம் அவருடைய மெஷின். மெஷின் எவ்வளவு கடகடத்தாலும் அம்மா அசையமாட்டார். ஆனால் யாராவது பேசினால் போதும், பட்டென்று விழித்துக்கொள்வார். அப்பாவுக்கோ கால்பந்து வர்ணனை கேட்காவிட்டால் வேலையே ஓடாது.

அன்று மாலையே அப்பா புது இயர்போன் வாங்கி வந்தார்.

“இதுவும் கெட்டா என்மேலதான பழி வரும்?” என்று முணுமுணுத்த குடைச்சல், அறுந்ததைக் கையில் எடுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தாள். மேஜை டிராயரில் முன்பு கெட்டுப்போன இன்னொன்றும் கிடந்தது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தாள்.

அட! இரண்டும் ஒரே இடத்தில் கெட்டிருந்தன. போனில் செருகும் பின்னுக்குப் பக்கத்தில், ஒயரின் கழுத்து மடங்கி நைந்து போயிருந்தது.

மறுநாள் அம்மா தூங்கிக்கொண்டிருந்தார். அப்பா சட்டை ஒன்றைத் தைத்து முடித்தார். ஒயரைப் பிடித்து வெடுக்கென்று இழுத்துப் போனிலிருந்து கழற்றினார். பிறகு காலி நூல்கண்டு ஒன்றை எடுத்து, அதில் ஒயரை இறுக்கி இறுக்கிச் சுற்றினார். தையல்காரர் கையாயிற்றே, சும்மா இருக்குமா? கடைசியில் பின்னை மடக்கி உள்ளே திணித்தார்.

குடைச்சலுக்குப் புரிந்துவிட்டது. ‘அம்மா! ஓடி வாங்க!’ என்று கத்தலாம் போலிருந்தது. ஆனால் அம்மாவின் களைத்த முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள். அப்பாவை அம்மா முன்னால் மாட்டிவிடவும் அவளுக்கு மனம் வரவில்லை.

துணி வெட்டும் கத்தரியைத் தொட்டால் அப்பாவுக்குக் கெட்ட கோபம் வரும். அதனால் நகவெட்டியை எடுத்து, பழைய ஒயரின் கழுத்தைக் கொஞ்சம் பிரித்தாள். பிறகு அப்பா காதில் கிசுகிசுத்தாள்.

“அப்பா, இங்க பாருங்க. உள்ள முடி மாதிரி கம்பி. நூல இறுக்கிச் சுத்தலாம். இத அப்படிச் சுத்தினா ஒடிஞ்சிடும்.”

அப்பா உற்றுப் பார்த்தார். மடங்கிய இடத்தில் கம்பிகள் ஒடிந்திருந்தன. அவர் முகம் சுருங்கிப்போனது. அம்மா விழிக்காதபடி அவரும் கிசுகிசுத்தார்.

“அடக் கடவுளே! நூல் சுத்துற பழக்கத்துல நானே அறுத்திருக்கேனே! உன்னைத் திட்டும்போது பேசாம வேற இருந்துட்டேன்.”

“பரவால்லப்பா. உங்க இஞ்சு டேப்ப எப்படிச் சுருட்டுவீங்க?”

“அதையா? நாலு விரல்ல லேசா.”

“இதையும் அப்படியே சுருட்டுங்க. கழட்டும்போது ஒயர இழுக்காதீங்க, பின்னப் பிடிங்க.”

பேனாவைப் பிரித்து எடுத்து வைத்திருந்த ஸ்பிரிங்கை, புது ஒயரின் கழுத்தில் மெல்லத் திருகி மாட்டினாள். இனி அது மடங்காது. அப்பா மிச்சத் துணியில் அதற்கு வட்டமாக ஒரு பை தைத்தார்.

“பிரிச்ச பேனாவும் உதவுது பாரேன்!” என்று சிரித்தார்.

மாலையில் விஷயம் தெரிந்ததும் அம்மா அவளை இழுத்து அணைத்துக்கொண்டார். “கண்ணு, விசாரிக்காம திட்டிட்டேன்டி.”

வாரங்கள் ஓடின. இயர்போனின் இரண்டு காதும் கணீரென்று கேட்டன. ஒரு நாள் மத்தியானம் அம்மா நல்ல தூக்கத்தில் இருந்தார். குடைச்சல் பொத்தான்களைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தாள். திடீரென்று அறையே அதிர்ந்தது.

“கோல்!”

அம்மா கண்ணைத் திறக்காமலே அதட்டினார். “ஏய் குடைச்சல்! சத்தம் போடாதடி!”

இந்தத் தடவை அப்பா ஒரு நொடிகூடப் பேசாமல் இருக்கவில்லை.

“அவ இல்லம்மா, நான்தான்!”